பாடத்துக்கு நீட்டிய கால்

"அப்பா இழுத்தாரு மாமா. என் கண்ணால பாத்தேன். செத்த மனுஷன் காலை இழுப்பானா?"

"இழுப்பான் மாப்ளே. அது மூளை பண்ற வேலை இல்ல, முதுகுத்தண்டு பண்ற வேலை. எத்தனை தடவை சொல்றது?"

"சரி, கத்தாதீங்க."

"நான் கத்தல, விளக்குறேன்."

இரண்டுக்கும் வித்தியாசம் கண்டவர் தெருவில் எவரும் இல்லை. நரம்பு டாக்டர் என்று பலகையில் போட்டிருந்தாலும், முழங்காலில் தட்டாமல் யாரையும் அனுப்பமாட்டார் என்பதால் ஊருக்கு அவர் சுத்தியல் டாக்டர். அவர் மனைவி, காலேஜில் சரித்திரம் படித்தவள், கல்யாணமான மறுநாளே டாக்டரம்மா ஆகிவிட்டாள். புருஷனும் தன் தம்பியும் தலைக்கு மேலே மோதிக்கொள்ள, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே கிடந்தவர் அவளுடைய அப்பா, டயர் கடைக்காரர். கடையிலேயே சாய்ந்தார், தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. வேறு இரண்டு டாக்டர்கள் சோதித்து, மூளை இறந்துவிட்டது என்று எழுதிவிட்டார்கள். மூச்சு மட்டும் மெஷின் தயவில். அம்மா முன்பே போய்ச் சேர்ந்தாயிற்று. பிள்ளைகள் இருவரும் சரி என்றால்தான் மெஷினை எடுப்பார்கள். தம்பி மாட்டேன் என்றான். அவளுக்கோ, அப்பா இனி இல்லை என்பதை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னால் போதும். வீட்டிலேயே நரம்பு டாக்டரை வைத்திருப்பவளுக்கு அது பேராசையா என்ன?

அந்த டாக்டர் உருவான கதையும் கொஞ்சம் கேட்க வேண்டியதுதான். படிப்புக்கு மேல் படிப்பு, அதற்கும் மேல் ஒரு படிப்பு என்று தலைமுடி கொட்டும்வரை படித்தார். புத்தகத்தில் புலி. நோயாளியை முன்னால் படுக்கவைத்தால் எலி. தேர்வாளர் முறைத்ததும் கை நடுங்கி, சுத்தியல் முழங்காலை விட்டுத் கீழ்க்கால் எலும்பில் விழும். இரண்டு முறை கோட்டைவிட்ட பிறகு மாமனார்தான் கை கொடுத்தார். கால் கொடுத்தார் என்பதே சரி. கடையை அடைத்துவிட்டு வந்து சாப்பாட்டு மேஜைமேல் ஏறி, காலைத் தொங்கவிட்டு உட்காருவார். "அடிங்க மாப்பிள்ளை, இது லாரி டயரே ஏறின காலு." உள்ளங்காலில் சாவியால் கோடு இழுத்தால் மட்டும் தாங்கமாட்டார். கூச்சத்தில் அவர் சிரிக்கிற சிரிப்பில் மேஜையே ஆடும். மாப்பிள்ளை ஒருவழியாகத் தேறினார். பிளாஸ்டிக் மூளை ஒன்றை மேஜையில் வைத்துச் சொந்தக் கிளினிக்கும் திறந்தார். நோயாளி சொல்லி முடிப்பதற்குள் மருந்தெழுதி முடிக்கும் வித்தையும் கைவந்தது.

"வா, காட்டுறேன்," என்று மச்சினனை உள்ளே இழுத்துப் போனார். டாக்டரம்மாவும் பின்னால் போனாள்.

போர்வையை விலக்கி, கார் சாவியால் மாமனாரின் உள்ளங்காலில் குதிகாலிலிருந்து விரல்வரை ஒரு கோடு. கால் மடங்கி இழுத்துக்கொண்டது.

"அப்பா," என்றான் தம்பி.

"திரும்பப் பாரு." இன்னொரு கோடு. அதே இழுப்பு. "ஒரே மாதிரி வருதா? உயிர் இருந்தா கூசும், சிரிப்பாரு. சிரிக்கிறாரா பாரு."

தம்பி அப்பாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அதோடு முடிந்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா சித்தியோடு எட்டிப் பார்த்தார்.

"வாங்க, நீங்களும் பாருங்க." இன்னொரு கோடு. நர்ஸ் ஒருத்தி நின்றாள், அவளுக்காக ஒன்று. டாக்டரின் முதுகு நிமிர்ந்தது, குரல் கனிந்தது. நடுக்கமே இல்லாத கை. "இவ்வளவு சுத்தமா வர்றது அபூர்வம். பரீட்சையில எனக்கு ஒரு கேஸ்கூட இப்படி அமையல."

மெஷின் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"சாவியப் பையில போடுங்க," என்றாள் அவள்.

"என்னது?"

"போட்டுட்டு வெளிய போய் உக்காருங்க."

போர்வையை இழுத்து, இரண்டு பாதங்களையும் மூடி, ஓரத்தை மெத்தைக்கடியில் செருகினாள். தம்பியைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான். புருஷனின் தோளைத் தாண்டி, கதவருகே நின்ற சின்ன டாக்டரிடம், "எடுத்துருங்க டாக்டர்," என்றாள்.

சாவு வீட்டு வாசலில் மாப்பிள்ளை வருவோர் போவோருக்கெல்லாம் முதுகுத்தண்டைப் பற்றி விளக்கினார். துக்கம் கேட்க வந்த ஒருவர், வந்ததோடு வந்ததாகத் தன் விரல் மரத்துப்போவதையும் காட்டிக்கொண்டார். தட்டிப் பார்க்கச் சுத்தியல் இல்லையே என்று டாக்டருக்கு மெய்யாகவே வருத்தம்.

காரியங்கள் முடிந்ததும் டாக்டரம்மா அப்பா வீட்டு மாடிக்குக் குடிபோனாள். கேட்டவர்களிடம், "கடையைப் பாத்துக்க ஆள் வேணுமில்ல," என்றாள். தம்பி இருக்கிறானே என்று யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்காமலே பேச எவ்வளவோ இருந்தது. அடுத்த வருஷம் தம்பி ஒரு பள்ளிக்கூட டீச்சரைக் கட்டிக்கொண்டான். சுத்தியல் டாக்டர் நல்ல சட்டையில் வந்து, குடும்பப் போட்டோவில் முதல் வரிசை நடுவில் நின்றார்.

"அக்கா எங்கப்பா, கூப்பிடுங்க," என்றார்கள்.

போட்டோக்காரருக்குப் பின்னால், எல்லோருடைய கைப்பைகளையும் இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"எல்லாரும் தெரியிறீங்க," என்றாள். "எடுக்கச் சொல்லுங்க."