சுரப்பிக்குப் பெயர் வைத்த நாள்

எங்கள் ஊரில் ஆண்களுக்கு ஐம்பது வயதானதும் புராஸ்டேட் சுரப்பிக்குப் பெயர் வைத்துவிடுவார்கள். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ அதில் புற்றுநோய் வந்திருந்தால் நாற்பத்தைந்திலேயே வைப்பார்கள். பெயரில்லாத சுரப்பி கூப்பிட்டால் வராது. வராத ஒன்றை டாக்டர் எப்படிப் பார்ப்பார்?

என் அண்ணன் வெட்கப்பட்டுக்கொண்டு பெயரே வைக்கவில்லை. “அங்கே” என்றுதான் சொல்வார். ஊரில் வெட்கப்படுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அதனால் ஆஸ்பத்திரியில் “அங்கே” என்று கூப்பிட்டபோது அரிசி மண்டிக்காரருடைய சுரப்பி வந்து நின்றது. அதில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். அண்ணன் சந்தோஷமாக வீடு திரும்பினார். அவருடையது வந்து சேர்ந்தபோது நோய் எலும்புவரை பரவியிருந்தது. அண்ணன் போய்விட்டார்.

எனக்கு நாற்பத்தைந்து ஆனது. பயமாக இருந்தது. பெயர் வைக்க வேண்டிய தாய்மாமன் தொண்டை கட்டிவிட்டது என்று நழுவிவிட்டார். கூடத்தில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணிதான் எழுந்து வந்தார்.

“நான் வைக்கிறேன் தம்பி. இப்படித் திரும்பி உக்காருங்க.”

அண்ணி புருஷன் பெயரை வாயால் சொன்னதே இல்லை. அண்ணன் பெயர் கலியபெருமாள். அதனால் பெருமாள் கோயிலைக்கூட “அந்தக் கோயில்” என்றுதான் சொல்வார். இப்போது என் இடுப்புப் பக்கம் குனிந்து, “கலியபெருமாள்” என்றார். மூன்று முறை சொன்னார். மூன்றாம் முறை குரல் உடைந்துவிட்டது.

“உள்ளேன்” என்று பதில் வந்தது.

அன்றிலிருந்து சுரப்பி மனம்விட்டுப் பேசுகிறது. பீடியை விடச் சொன்னது, விட்டேன். ஆட்டுக்கறி மாதம் ஒருமுறை போதும் என்றது. என் தொப்பை தன்மேல் சாய்கிறது என்று குறைபட்டுக்கொண்டது. ரத்தப் பரிசோதனைக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் முதல் ஆளாகப் போய் நின்றது.

“நோய் வரவே வராதுன்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா இப்படியே இருந்தா ஆபத்து குறையும்” என்றார் டாக்டர்.

எனக்கு அதுவே போதும். அண்ணியைக் கையெடுத்துக் கும்பிட்டேன். “அட, போங்க தம்பி” என்று உள்ளே போய்விட்டார்.

விடிந்ததும் அண்ணி வாசலில் நின்று சுரப்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மூன்று பேருமாக ஆற்றுப் பாலம்வரை நடந்துவிட்டு வருவோம். இன்று எனக்குக் கால் சுளுக்கு, படுத்துவிட்டேன். அவர்கள் இருவரும் போய்விட்டு, வழியில் தக்காளி வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். அண்ணியைத் தூக்கவிடாமல் பையை அதுதான் தூக்கி வந்தது.