மொட்டையனில் ஏறிய ஆள்

"உங்கள் கணவர் எந்த மலைக்குப் போனார்?" என்று பொலிஸ்காரி போனில் கேட்டாள்.

"தெரியாது" என்றேன்.

"அவர் சொல்லவில்லையா?"

"நான் கேட்கவில்லை."

அந்தப் பக்கம் ஏதோ தட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. வெளிக்கிடுகிற ஆளிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் போகிற காரியம் சரிவராது, எங்கள் ஆட்கள் கேட்க மாட்டோம் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் விளங்கப்படுத்தினேன். சொல்லச் சொல்ல எனக்கே பொய் மாதிரி இருந்தது. "வேறு யாருக்காவது சொன்னாரா என்று விசாரியுங்கள். நேரம் முக்கியம்" என்றாள். நேரம் முக்கியம் என்று எனக்குச் சொல்லித் தருகிறாள்! மணி ஏழு. வெளியே மைனஸ் இருபத்திரண்டு. சனிக்கிழமைகளில் ஐந்து மணிக்கெல்லாம் வந்து வாசலில் சப்பாத்துக் கழற்றுகிற மனுசனை இன்னும் காணவில்லை.

வாகீசனுக்கு இந்தப் பைத்தியம் பிடித்து மூன்று வருடம். ஸ்னோஷூ என்றால் சப்பாத்துக்குக் கீழே கட்டுகிற, சுளகு மாதிரி அகலமான ஒரு சாமான். பனியில் கால் புதையாது. அதைக் கட்டிக்கொண்டு தனியாக மலை ஏறுவார். யாழ்ப்பாணத்தில் பிறந்த மனுசனுக்கு மலையில் என்ன வேலை? எங்கள் ஊரில் தண்ணீர்த் தாங்கியைவிட உயரமாக எதுவும் இல்லை. கிழமையில் ஐந்து நாள் இந்தப் பிறம்ரன் நகரத்தில் வெயார்ஹவுஸ் கூரைக்குக் கீழே பெட்டி தூக்குகிறேன், ஒரு நாளாவது தலைக்கு மேலே ஒன்றும் இல்லாமல் நிற்க வேண்டும் என்பார்.

விருப்பமில்லாமலே எனக்கும் பாதி பாடம். ஏறும்போது வியர்க்கக் கூடாது, வியர்த்தால் நின்றவுடன் உடுப்போடு சேர்ந்து உறையும். செங்குத்தில் குதிக்காலுக்குக் கீழே ஒரு கம்பியை நிமிர்த்த வேண்டும். போகிற இடத்தை யாருக்காவது சொல்லிவிட்டுப் போக வேண்டும். அதுதான் முதல் விதி என்று அவரே சொல்லியிருக்கிறார்.

பொலிஸ்காரியிடம் நான் சொன்னது முழு உண்மை இல்லை. எங்கே என்று கேட்கக் கூடாதுதான். ஆனால் "தூரமோ?" என்று கேட்கலாம். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் கேட்போம். அப்படிக் கேட்டால் இந்த மனுசன் ரோட்டு நம்பர் தொடக்கம் பெற்றோல் செட் வரை ஒப்புவிப்பார். எட்டுக் கிழமையாக நான் அதைக் கேட்கவில்லை. அப்பாவின் திவசத்தன்று ஐயர் வந்து காத்திருக்க, இவர் சிக்னல் இல்லாத ஏதோ மலையில் நின்றார். அன்றோடு அவரோடு கதைப்பதை விட்டேன். சாப்பாடு போடுவேன், பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றி வைப்பேன், ஒரு சொல் கதைக்க மாட்டேன். பிடிவாதம், வேறொன்றுமில்லை. நிலாணியின் வாயைத் திறக்க வைக்க ஏலாது என்று அம்மா சின்ன வயதிலேயே சொல்லுவா. எனக்கு அதில் பெருமை வேறு!

அவருடைய வேலையிடத்து இக்னேசியஸ் அண்ணைக்குப் போன் அடித்தேன். நாலாவது தரம்தான் எடுத்தார்.

"அண்ணை, இவர் இண்டைக்கு எங்கை போறன் எண்டு சொன்னவரோ?"

"மொட்டையனுக்கு எண்டெல்லோ சொன்னவர். ஏன் தங்கச்சி, இன்னும் வரேல்லையோ?"

"மொட்டையனோ? அது ஆர்?"

"மலை, பிள்ளை. உச்சியிலை ஒரு மரமும் இல்லையாம், வெறும் பாறையாம். அதாலை உவனுக்கு நாங்கள் வைச்ச பேர்."

"இங்கிலீசுப் பேர் என்ன அண்ணை?"

"ஐயோ, நான் அதைக் கேட்டே வைக்கேல்லை."

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைச் சுவரில் எறிந்திருப்பேன். நாலு பேர் சேர்ந்து ஒரு மலைக்குப் பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள், சொந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது.

"வேறை என்ன சொன்னவர்? யோசியுங்கோ அண்ணை, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"மூண்டரை மணித்தியாலக் கார் ஓட்டமாம். ஏறுற இடத்திலை ஒரு பழைய மர மில் பூட்டிக் கிடக்காம். அதுக்கு முன்னாலைதான் காரை விடுறவர்."

மொட்டை, மூன்றரை மணித்தியாலம், மர மில். இதைத்தான் பொலிஸ்காரிக்குச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "மொட்டை மலை" என்று திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டாள். பிறகு நாற்பது நிமிடம். சாமிப்படத்துக்கு முன்னால் போய் நின்றேன், ஒரு தேவாரமும் முழுதாக வாயில் வரவில்லை. அவரைத் திட்டினேன், என்னைத் திட்டினேன். அவருடைய போனுக்கு அடித்தால், ஆள் தொடர்பில் இல்லை என்று ஒரு குரல் அமைதியாகச் சொன்னது. அவளையும் திட்டினேன்.

போன் அடித்தது.

"கார் கிடைத்துவிட்டது, மில்லுக்கு முன்னால் நிற்கிறது. ஏறிப்போன தடம் இருக்கிறது. இறங்கிவந்த தடம் இல்லை. பனி கொட்டுவதால் மேலே போகப் போகத் தடம் மூடிக்கொண்டு போகிறது. ஆறு பேர் லைற்றோடு ஏறுகிறார்கள். அவர் போட்டிருந்த ஜக்கெற் என்ன நிறம்?"

என்ன நிறம்? விடிய ஐந்து மணிக்கு நான் குசினியில் சிங்க் தொட்டியடியில், சுவரைப் பார்த்துக்கொண்டு பானை கழுவினேன். "போட்டு வாறன்" என்றார். போகவில்லை. பின்னால் நிற்கிறார் என்று தெரிந்தது. "நிலாணி, ஒருக்கால் திரும்பிப் பாருமன்" என்றார். நான் தண்ணீரை இன்னும் கூடத் திறந்துவிட்டேன். கதவு சாத்துப்பட்டது.

"ஒரு நிமிஷம்" என்று பொலிஸ்காரியிடம் சொல்லிவிட்டு அலுமாரிக்கு ஓடினேன். ஏறப் போகும்போது அவர் போடுகிற செம்மஞ்சள் ஜக்கெற் கொழுவியிலேயே தொங்கியது. வேலைக்குப் போடுகிற கறுப்பும் தொங்கியது. பக்கத்தில் ஒரு கொழுவி வெறுமையாக ஆடியது. அதற்குக் கீழே விலைத்துண்டு கிடந்தது, இன்றைக்குத்தான் பிய்த்திருக்கிறார். போன வருடம் கலியாண நாளுக்கு நான் வாங்கிக் கொடுத்த ஜக்கெற். "உதைப் போட்டுக்கொண்டு பனியுக்கை விழுந்தால் ஆரப்பா என்னைக் காணுறது?" என்று பகிடி விட்டு, ஒரு நாளும் போடாமல் வைத்திருந்தது. அதை நான் காண வேண்டும் என்றுதான் நின்றிருக்கிறார்.

"ஹலோ, நிறம் என்ன?"

"வெள்ளை" என்றேன்.

"வெள்ளையா?"

"ஓம்" என்றேன். இங்கிலீசில் அதற்கு என்ன சொல்வது என்று எனக்கு வரவில்லை.