உப்புக் கோடுகள்

தங்கை போர்க்ஹில்டை வெள்ளிக்கிழமை அடக்கம் செய்துவிட்டு, சனிக்கிழமையே ஆய்வகத்துக்கு வந்துவிட்டாள் ராக்ன்ஹில்ட். ஒஸ்லோவில் அதை யாரும் தப்பாகப் பேசவில்லை. அவளுக்கு அழுகையும் வரவில்லை, பசியும் வரவில்லை. கை மட்டும் பழக்கத்தில் வேலை செய்தது.

அருமண் தனிமங்கள் பதினான்கு அவள் பொறுப்பில் இருந்தன. விசித்திரமான குடும்பம்! வரிசையில் போகப் போக அணு கனக்கும், ஆனால் உருவம் சுருங்கும். எக்ஸ்ரே பிலிமில் கோடு கோடாக அளந்து அவள் போட்ட அட்டவணையில், முதல்முறையாக அவள் பெயரும் அச்சாகவிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, கூட வேலை பார்க்கும் ஹால்வோர் அட்டவணையைத் தட்டினான்.

"எல்லாரும் இளைச்சுட்டே போறாங்க, இந்த ஹோல்மியம் மட்டும் ஏன் தொந்தி போட்டிருக்கு?"

"அளந்ததைத்தான் எழுதினேன்."

"பக்கத்து ரெண்டுக்கும் நடுவுல ஒரு எண்ணைப் போட்டு விடுங்க. மத்தியானம் அச்சகத்து ஆள் வந்துடுவான். யாருக்குத் தெரியப் போகுது?"

அவள் பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். காயும்போது பிலிம் சுருங்கும். எவ்வளவு சுருங்கியது என்று கண்டுபிடிக்கத்தான், எக்ஸ்ரேயில் வைக்கும் ஒவ்வொரு தனிமப் பொடியிலும் சாப்பாட்டு உப்பைக் கலப்பார்கள். உப்பின் கோடுகள் எங்கே விழவேண்டும் என்பது தெரிந்த கணக்கு. இந்தப் பிலிமில் அந்தக் கோடுகளே இல்லை. சனிக்கிழமை கலக்க மறந்து, முந்தைய பிலிமின் திருத்தத்தை அப்படியே எழுதியிருக்கிறாள். இந்தப் பிலிம் அதைவிட அதிகம் சுருங்கியிருக்கிறது; கோடுகள் நெருங்கினால் கணக்கில் அணு பெரிதாக வரும்.

"உப்பு போட மறந்துட்டேன். மறுபடி எடுக்கணும். அட்டவணை இன்னிக்குப் போகாது."

"சொன்னா ஆய்வகத் தலைவர் அட்டவணையிலேருந்து உங்க பேரையே அடிச்சுடுவாரு."

"அடிக்கட்டும்."

போய்ச் சொன்னாள். அவர் பெயரை அடித்தார். மரத்துப்போன விரலில் ஊசி குத்தியது போல, அதுவும் உறைக்கவில்லை.

மதியம் தாள் பொட்டலத்தைப் பிரித்து, முட்டை வைத்த ரொட்டியில் பாதியை ஹால்வோரிடம் நீட்டினாள். கடித்தவன் முகம் சுளித்தான்.

"அம்மா தாயே, இதுலயும் உப்பு போடலையா?"

"உப்பு போர்க்ஹில்ட்தான் போடுவா," என்றாள்.

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. நாலு நாளாக உப்பில்லாத முட்டையைத் தின்றிருக்கிறாள். நாக்குக்குக்கூடத் தெரியவில்லை.

ரொட்டியை மேசையில் வைத்துவிட்டு, ஹால்வோர் பார்க்கப் பார்க்க, அவள் வாய்விட்டு அழுதாள்.