வத்தல் களத்தில் ஏறிய டிரோன்

கரிசல் மண்ணில் சித்திரை மாத நிலவெடிப்பு என்றால் சாதாரணமில்லை. எப்போதோ ஒன்றில் விழுந்த கன்றுக்குட்டி, மணியாச்சியில் பசுவாக வெளியே வந்து இப்போது அங்கேயே கறவைக்கு நிற்கிறது. அப்படிப்பட்ட நிலத்தில், புதிதாக வாங்கிய டிரோனை ஓட்டிப் பழக வந்து நின்றான் சங்கரபாண்டியன்.

கோவில்பட்டியில் ஸ்டூடியோ வைத்திருப்பவன். மறுநாள் எப்போதும்வென்றான் ஊரில் ஒரு கல்யாணம். "மேலேயிருந்து படம் எடுக்கத் தெரியலேன்னா சொல்லிருங்க, ஒங்க மச்சானை வச்சுக்கிடுதோம்" என்று பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். மச்சான் என்றால் பெண்டாட்டியின் அண்ணன் கோகுலகிருஷ்ணன். அவனும் ஸ்டூடியோக்காரன், டிரோனில் கை தேர்ந்தவன். இந்தக் கல்யாணமும் போய்விட்டால் சங்கரபாண்டியன் கடையைச் சாத்திவிட்டு மச்சானுக்கு லைட் பிடிக்கத்தான் போகவேண்டும். ஆனாலும் பழக்கிவிட அதே மச்சானைத்தான் கூப்பிட்டிருந்தான். வேறு யாரைத் தெரியும்?

"இங்கன வைங்க மாப்ள. தட்டையா இருக்கு."

கோகுலகிருஷ்ணன் காட்டியது அவனுக்குச் சித்தி முறையான முத்துமாரியம்மாளின் களம். காடெல்லாம் வாய் பிளந்து கிடக்க, சாணி மெழுகிய அந்தக் களத்தில் மிளகாய் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது.

"வத்தல் கெடக்கே மச்சான்."

"ஓரமா வைங்க. அது என்ன, கடிக்கவா செய்யும்?" சொல்லிவிட்டுக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றான் கோகுலகிருஷ்ணன். கூலிங்கிளாஸையும் மாட்டிக்கொண்டான்.

றெக்கை நாலும் சுற்றியதும் களமே எழுந்தது. வத்தல் பறந்தது, விதை பறந்தது, பின்னாலேயே நெடி பறந்தது. கயத்தாற்றில் திருநெல்வேலி பஸ் நின்று, டிரைவர் முதல் கண்டக்டர் வரை தும்மி முடித்த பிறகுதான் கிளம்பியது. ஆனால் இரண்டு கண்ணிலும் நேராக வாங்கியவன் சங்கரபாண்டியன் ஒருவன்தான்.

"ஐயோ, கண்ணு! ஒண்ணும் தெரியல மச்சான். அது எங்க நிக்கி?"

"ரிமோட்டுக் குச்சியில இருந்து கையை எடுத்திராதீங்க! எடுத்தா நம்ம தலையிலயே விழுந்திரும்."

கையை எடுத்தால் டிரோன் அந்தரத்தில் தானாக நிற்கும். கோகுலகிருஷ்ணனுக்கு அது நன்றாகத் தெரியும்.

முத்துமாரியம்மாள் விளக்குமாற்றோடு ஓடிவந்தாள். "எவம்லே அது, என் வத்தலைக் காடெல்லாம் எறைக்கது?"

"நம்ம மாப்ளதான் சித்தி. கண்ணு தெரியாமலே ஓட்டுதாரு." உதட்டில் ஒரு விரலை வைத்து, மறு கையால் பக்கத்திலிருந்த பெரிய வெடிப்பைக் காட்டினான் கோகுலகிருஷ்ணன்.

அவள் விளக்குமாற்றைக் கீழே போட்டாள். குரலில் பால் வடிந்தது. "எடது பக்கம் தம்பி. இன்னும் எடது. ஆங், இப்பம் கீழ. மெல்ல. பிள்ளையத் தொட்டில்ல போடுத மாதிரி."

டிரோன் ஒரு பக்கமும் உரசாமல் வெடிப்புக்குள் இறங்கியது. கோகுலகிருஷ்ணனே அவ்வளவு சுத்தமாக இறக்கியதில்லை.

"எறங்கிட்டா மச்சான்?"

"எறங்கிட்டு. மொத நாள்ல இம்புட்டு அழகா எறக்கினவன நான் பாத்ததில்ல." அதில் பொய் இல்லை.

முத்துமாரியம்மாள் மாட்டுத் தொழுவத்துக் கூரையிலிருந்து ஒரு பழைய ஓட்டை உருவிக் கொடுத்தாள். அது டிரோன் பெட்டிக்குள் போனது. மூடி விழுந்தது. சங்கரபாண்டியன் பெட்டியைத் தடவி மார்போடு அணைத்துக்கொண்டான்.

"சூடா இருக்கே மச்சான்."

"பறந்துட்டு வந்திருக்குல்லா."

மறுநாள் மண்டபத்து வாசலில் மாலையும் கழுத்துமாகப் பெண்ணும் மாப்பிள்ளையும் அண்ணாந்து நின்றார்கள். வீங்கிய கண்ணோடு சங்கரபாண்டியன் பெட்டியைத் திறந்தான். ஓட்டில் கோழி எச்சம் காய்ந்திருந்தது.

தலைக்கு மேல் ஏதோ இரைந்தது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் வாசலில் கட்டியிருந்த பெரிய திரையில் அவனே தெரிந்தான். நடு மண்டை வழுக்கை, கையில் பெட்டி, பெட்டியில் ஓடு. எல்லாம் துல்லியம்.

"பேட்டரி போடலியோ அண்ணாச்சி?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான். பந்தலே சிரித்தது. கல்யாணப் பெண்ணுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. பெண்ணின் அப்பா கோகுலகிருஷ்ணனைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

கோகுலகிருஷ்ணன் தன் டிரோனைப் பூப்போல இறக்கினான். "சும்மாதான நிக்கீங்க மாப்ள. அந்த லைட்டைப் பிடிங்க. அழாதீங்க, நாலு பேரு பாக்காவ."

இது அழுகை இல்லை, வத்தல் எரிச்சல் என்று சொல்ல சங்கரபாண்டியன் வாயைத் திறந்தான்.

"லைட்டு ஆடுது மாப்ள" என்றான் கோகுலகிருஷ்ணன்.