தையல்காரியின் நிழல்

அந்த அனிமேஷன் கம்பெனியில் அவளை எல்லோரும் ‘ஸ்கேல் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கோடு மயிரிழை கோணினாலும் அழித்துவிட்டு முதலிலிருந்து வரைவாள். பக்கத்து நாற்காலியில் அவளுடைய சொந்தத் தங்கை. அவளுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததே அக்காதான்.

அப்போது ஒரு பேய்ப்படம் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு தையல்காரியைவிட அவள் நிழல் அழகாகத் தைக்க ஆரம்பிக்கிறது. பொறாமையில் அவளுக்குப் புத்தி பேதலித்துப் போகிறது. தையல்காரியை அக்கா வரைந்தாள். நிழலைத் தங்கை வரைந்தாள்.

முதல் காட்சியைப் போட்டுப் பார்த்த அன்று, நிழல் விரல் நடுங்க ஊசியில் நூல் கோத்ததும் அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

“யப்பா, உடம்பெல்லாம் புல்லரிக்குது!” என்றார் டைரக்டர்.

தையல்காரியைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அக்காவும் சேர்ந்துதான் கைதட்டினாள். வயிறு மட்டும் எரிந்தது.

அதற்குப் பிறகு தையல்காரியைத் திரும்பத் திரும்ப வரைந்தாள். கோடு சுத்தமாக ஆக ஆக, தையல்காரி மரக்கட்டையாகிக்கொண்டே போனாள். ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் திரைக்குள்ளிருந்து அவள் தன்னையே முறைப்பதுபோல் அக்காவுக்கு இருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தால் ஒன்றுமில்லை.

ஒரு மத்தியானம் தங்கை சாப்பிடப் போயிருந்தாள். நிழலின் விரல் நடுங்குவது தப்பு, பாவம், சரிசெய்து கொடுப்போம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அக்கா அவளுடைய காட்சியைத் திறந்தாள். அந்த நடுக்கத்தை ஒவ்வொரு படமாக அழித்து நேராக்கினாள். ஓட்டினாள். நிழல் செத்துக் கிடந்தது. தையல்காரி சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை அவள் வரையவே இல்லை. கிட்டே குனிந்து பார்த்தாள். திரைக் கண்ணாடியில் தெரிந்தது அவளுடைய சொந்த முகம்.

“என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?” தங்கை வந்துவிட்டாள்.

“உன் காட்சியைக் கொஞ்சம் திருத்தினேன்.”

தங்கை ஓட்டிப் பார்த்தாள். முகம் சுண்டிப்போனது. சமாளித்துக்கொண்டு, “நீ செஞ்சா சரியாத்தான் இருக்கும். எனக்குத்தான் கோடு நேரா வராது” என்றாள்.

அக்காவுக்குத் தாங்கவில்லை. “இல்லடி. நல்லா இருந்ததைக் கெடுத்துட்டேன். எல்லாரும் உன்னையே புகழ்ந்தாங்க. எனக்குப் பொறுக்கல.”

தங்கை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். “பழசாவது இருக்கா?”

“இருக்கு. தனியா எடுத்து வச்சுட்டுத்தான் தொட்டேன்.”

“அதானே! திருட்டுத்தனம்கூட ஒழுங்காத்தான் பண்ணுவே.”

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன இரண்டு பேருக்கும்.

பழசைத் திரும்பப் போட்டார்கள். தங்கை தையல்காரியை உற்றுப் பார்த்தாள். “இவளுக்குப் பொறாமையே இல்லக்கா. சமத்தா உட்கார்ந்திருக்கா. உனக்கு எரிஞ்சுச்சே, அதை வரை.”

அக்கா வரைந்தாள். தையல்காரியின் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கோடு கோணலாகத்தான் விழுந்தது. அழிக்கக் கை துருதுருத்தது. தங்கை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த முறை போட்டுப் பார்த்தபோது தையல்காரியையும் கவனித்தார்கள். ஆனாலும் கைதட்டல் நிழலுக்குத்தான் அதிகம்.

“இன்னும் கொஞ்சம் எரியுதுடி” என்று அக்கா தங்கையின் காதில் கிசுகிசுத்தாள்.

“எரியட்டும்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் தோளில் சாய்ந்துகொண்டாள் தங்கை.