சன்னலைத் திறந்தவள்

கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம் பிடித்த மழை விடவேயில்லை. அடி அண்ணாமலையிலிருந்து பார்த்தால் மலையே தெரியவில்லை. சென்னையில் வேலை பார்க்கும் வளவன், பெண்டாட்டி பிள்ளைகளோடு அண்ணன் இளஞ்செழியன் வீட்டுக்கு வந்தபோதே இருமிக்கொண்டுதான் வந்தான். ஆபீசில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் என்று சிரித்தபடி சொன்னான்.

அப்பா தருமனுக்கு நெடுநாளாக இளைப்பு. ஊதக்காற்று அவருக்கு ஆகாதென்று அம்மா ஜோதியம்மாள் கதவு, சன்னல் எல்லாவற்றையும் சாத்தினாள். மொத்தக் குடும்பமும் கூடத்திலேயே சாப்பிட்டு, டிவி பார்த்து, அங்கேயே படுத்தது. வளவன் அப்பா பக்கத்தில் பாய் போட்டுக்கொண்டான். காயாத துணியின் வாடையில் கூடம் புழுங்கியது. இளஞ்செழியன் மனைவி ஓவியாவுக்கு மூச்சு முட்டியது. காலையில் மாமனாருக்குக் கொஞ்சம் காற்று வரட்டுமென்று ஒரு சன்னலைத் திறந்தாள். ஜோதியம்மாள் பார்த்துவிட்டுத் திட்டிக்கொண்டே சாத்தினாள்.

தீபம் முடிந்ததும் தருமனுக்குக் காய்ச்சல் கண்டது. இருமல் நெஞ்சில் இறங்கி மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். வீட்டில் யாருக்காவது சளி இருந்ததா என்று டாக்டரம்மா கேட்டாள். தம்பிக்கு இருந்தது என்றான் இளஞ்செழியன்.

"குளிர்காத்து மட்டும் இந்தக் காய்ச்சலக் கொண்டாராதுங்க. இது வைரஸ். குளிருக்கு பயந்து எல்லாரும் ஒரே ரூம்ல அடைஞ்சி இருந்தீங்க பாருங்க, அங்கதான் ஒருத்தர் மூச்சுல இருந்து இன்னொருத்தருக்குத் தொத்திக்கும். இந்த சீசன்ல அதான் ஜாஸ்தி. சன்னலத் தொறந்து வச்சிருந்தா கம்மியாயிருக்கும்."

ஓவியா புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

தருமன் பிழைக்கவில்லை. பந்தலில் வளவன் அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதான். ஊரே கூடியிருக்க, "அண்ணிதான் சன்னலத் தொறந்து வுட்டாங்க. அந்தக் குளுருதான் அப்பாவக் கொண்டுபோயிடுச்சி" என்றான். பெண்கள் திரும்பி ஓவியாவைப் பார்த்தார்கள். இளஞ்செழியன் தம்பியின் முதுகைத் தடவிக்கொடுத்தான்.

எல்லோரும் போனபின் ஓவியா புருஷனிடம் கேட்டாள்.

"டாக்டரம்மா சொன்னத நீங்களும்தான கேட்டீங்க. ஏன் சொல்லல?"

"அவனே அப்பாவப் பறிகுடுத்துட்டு நிக்கறான். உன்னாலதான்டானு சொல்லச் சொல்றியா?"

"என்னாலன்னா பரவால்லயா?"

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

காரியம் முடிந்ததும் ஓவியா வேங்கிக்காலிலிருக்கும் தாய்வீட்டுக்குக் கிளம்பினாள். யாரும் தடுக்கவில்லை. அம்மா சரோஜா காபி கொடுத்து, குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"ஏம்மா, ஊரெல்லாம் ஒருமாதிரி பேசுது. நீ எதுக்கு அந்த சன்னலத் தொறந்த?"

ஓவியா டாக்டரம்மா சொன்னதை முதலிலிருந்து சொன்னாள். சரோஜா கடைசிவரை கேட்டாள். பிறகு, இதை வெளியே எங்கேயும் சொல்லிவைக்காதே, செத்த வீட்டில் பழியைத் திருப்பிவிடுகிறாள் என்பார்கள் என்றாள்.