இரண்டு பேர், ஓர் ஆள்

சதீஷ் ஜெயிலிலிருந்து வந்து நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. வந்த வாரத்திலிருந்தே பக்கிரியின் இடுப்பில் கட்டிய நைலான் கயிற்றின் மறுமுனை அவன் கையில்தான் இருந்தது.

"வலப்பக்கம் வரப்பு மாமா. அப்படியே பின்னால வா."

பக்கிரி பலகையை உப்புப் பாத்தியின் அடிவரை அழுத்தி உப்பை வாரி இழுத்தார். பார்வை போனாலும் கையில் வேலை மிச்சமிருந்தது. வாரிய உப்பைச் சதீஷ் கூடையில் அள்ளிப்போய்க் குவியலில் கொட்ட வேண்டும். அதுவரைக்கும் கயிற்றை வரப்புக் குச்சியில் மாட்டிவிட்டுப் போவான்.

"கட்டிட்டுப் போறியே, நான் இன்னா உங்க ஊட்டு மாடாடா?"

"மாடு இவ்ளோ பேசாது மாமா."

சதீஷ் விற்ற சாராயப் பாக்கெட்டைக் குடித்துத்தான் பக்கிரிக்குக் கண் போனது. அதே சரக்கில் இரண்டு பேர் செத்தார்கள். வழக்கில் சதீஷ் பேர் மட்டும்தான் ஏறியது. அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. ஜெயிலுக்கு ஜெபிக்க வரும் பாஸ்டர், வெளியே வந்த பையன்களுக்கு ஆளுக்கொரு வீடு காட்டி, அங்கே ஊழியம் செய்யச் சொன்னார். பக்கிரி வீட்டைச் சதீஷே கேட்டு வாங்கிக்கொண்டான்.

முதல் நாள் பக்கிரியின் மனைவி அம்சவல்லி அவன் கொண்டுவந்த தண்ணீர்க் குடத்தை எட்டி உதைத்தாள். மூன்றாம் நாள் கதவைத் திறந்து வைத்துவிட்டு இறால் கம்பெனி வண்டி ஏறி வேலைக்குப் போனாள். கண் தெரியாதவரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை.

உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த சிங்காரம், "ரெண்டு பேரும் சேந்தாத்தான் ஒரு ஆளு. ஒரு கூலிதான்," என்று சொல்லி வேலை கொடுத்தார்.

"நீ வித்தவன், சரி," பக்கிரி நிமிர்ந்தார். "உனக்குச் சரக்கு குடுத்தவன் யாருடா?"

தினம் கேட்பதுதான்.

"கர்த்தர் பாத்துக்குவாரு மாமா."

"அவருக்குக் கண்ணு இருக்குது. பாப்பாரு."

ஞாயிற்றுக்கிழமை சதீஷுக்கு ஞானஸ்நானம். அதற்கு முன் சபை நடுவில் நின்று சாட்சி சொல்ல வேண்டும். "உன் பாவத்தை மட்டும் சொல்லு, அடுத்தவன் பேரு எதுக்கு," என்று பாஸ்டர் சொல்லியிருந்தார். அந்தப் பேரைச் சொன்னால் பக்கிரி வீட்டு அடுப்பும் அணைந்துவிடும் என்று சதீஷும் வாயைத் திறக்கவில்லை.

வரப்பில் சிங்காரத்தின் பைக் வந்து நின்றது. இஞ்சினை அணைக்காமலே பேசினார்.

"இன்னாடா, சாட்சி சொல்லப் போறியாமே. நானும் வர்றேன். பந்தலு, சேரு எல்லாம் நம்ம செலவுதான். பாத்துப் பேசு."

சதீஷ் குனிந்து கூடையில் உப்பை அள்ளினான். பக்கிரி பலகையைக் கீழே போட்டுவிட்டு, உப்பு ஒட்டிய கைகளைக் குரல் வந்த பக்கம் குவித்தார்.

"நல்லா இருக்கணும்ண்ணே. உங்களாலதான் எங்க ஊட்டுல சோறு."

பைக் கிளம்பிப் போனது. சத்தம் தேய்ந்த பிறகும் அவர் கையை இறக்கவில்லை.

"கேட்டுக்கோ சதீசு. ஞாயித்துக்கெழம அண்ணன் குடும்பத்துக்கும் சேத்து ஜெபம் பண்ணு. உனக்குப் புண்ணியமாப் போவும்."

சதீஷ் கயிற்றைக் குச்சியிலிருந்து கழற்றினான். கழற்றியதைக் கையில் சுற்றினான். மறுபடி பிரித்தான்.

"மாமா, கையை எறக்கு."

"ஏன்டா?"

"அந்தச் சரக்கு அவரோடதுதான் மாமா."